கிளிநொச்சியில் கடை தீப்பிடித்தால் வண்டி எங்கிருந்து வரும்?

முதலில் கரைச்சிப் பிரதேச சபையின் தீயணைப்புப் பிரிவுதான். இலங்கையில் பொலிஸ் மாதிரி நாடு முழுக்க ஒரே தீயணைப்புப் படை கிடையாது. அந்தந்த ஊரின் சபைதான் நடத்துகிறது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது ஊரில் ஒரு வண்டியும் இல்லை. ஏ9 வீதியால் 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அதற்குள் வரிசையாகக் கடைகள் கருகிவிட்டன. அந்த இழப்பை நினைத்தால் இப்பவும் நெஞ்சு எரியுது.

வண்டி வந்தாலும் பெரிய பிரச்சினை தண்ணீர். 4,000 லீற்றர் தாங்கி, நிமிடத்துக்கு 500 லீற்றர் அடித்தால் எட்டு நிமிடத்தில் காலி. பிறகு பவுசர் (தண்ணீர் தாங்கி வண்டி) வரவேணும், இல்லையென்றால் குளத்திலோ கிணற்றிலோ குழாயை இறக்கி உறிஞ்சவேணும். நீர்மட்டம் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே போனால் வண்டியில் உள்ள பம்ப் இழுக்காது. பங்குனி, சித்திரையில் எங்கள் கிணறுகளைத்தான் பார்க்கிறோமே!

அதனால் நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அழைக்கும்போது பக்கத்தில் எந்தக் குளம், எந்தப் பாதையால் வண்டி இறங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.