கனமான குவார்க் சூடான அணுக்கருப் பொருளில் உருகிவிடுமா?

புரோத்தன், நியூத்திரன் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துகளே குவார்க். அது உருகாது, உடைவது கனமான குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் சேர்ந்த இணைதான். ஜெனீவா அருகே எல்.எச்.சி. எனும் பெரும் துகள் மோதுவியில் ஈய அணுக்கருக்கள் மோதும்போது வெப்பநிலை 2 இலட்சம் கோடி கெல்வினைத் தாண்டுகிறது. புரோத்தனும் நியூத்திரனும் கரைந்து, குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து திரியும் குவார்க்-குளுவான் குழம்பாகின்றன. சார்ம், பொட்டம் எனும் கனமான குவார்க்குகளோ மோதலின் முதற்கணத்திலேயே பிறந்துவிடுகின்றன. அதனால் குழம்பின் முழுக் கதைக்கும் அவை சாட்சி.

நல்லூர்த் தேரன்று வெளிவீதியில் நின்றிருக்கிறீர்களா? சிறுபிள்ளையை ஒரே நெரிசல் எங்கோ தள்ளிவிடும். தேங்காய்ச் சாக்குடன் வரும் பருத்த மனிதரை ஓர் இடி அசைக்காது; நூறு இடிபட்டபின் அவரும் கூட்டத்தோடு நகரத் தொடங்குவார். கனமான குவார்க்கும் அப்படித்தான் சிறிது சிறிதாக ஆற்றல் இழந்து, குழம்பின் ஓட்டத்தில் சேர்கிறது.

அதே நெரிசலில் கைகோத்து வரும் புதுமணத் தம்பதியின் பிடி நழுவுவதைப் போல, சார்மும் எதிர்ச்சார்மும் சேர்ந்த ஜே-சை துகள் குழம்பில் பிரியும் என்று இயற்பியலாளர்கள் மட்சுயியும் சாட்ஸும் 1986இல் கணித்தார்கள். எல்.எச்.சி.யில் சார்ம் ஏராளம் என்பதால், பிரிந்தவை வேறு துணையுடன் மீண்டும் சேர்வதும் உண்டு. (தம்பதி உவமையை இத்துடன் விட்டுவிடுகிறேன்!) பொட்டம் இணையான உப்சிலோனில் ஆற்றல் மிகக் குறைந்த, இறுக்கமான அடிநிலை ஓரளவு தப்புகிறது, ஆற்றல் கூடிய, தளர்வான கிளர்நிலைகளே முதலில் சிதைகின்றன.