எதிர்க்காத ஆளிடம் பழகிய பிடி

கேள்வி: இரண்டு வருடமாகத் தற்காப்பு வகுப்புக்குப் போகிறேன். கையைப் பிடித்தாலும் பின்னாலிருந்து கழுத்தை நெரித்தாலும் தப்பிக்கும் முறைகள் தெரியும். போன வாரம் தம்பி விளையாட்டாக மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான், என்னால் விடுவிக்க முடியவில்லை. மாஸ்டரோ பிளாக் பெல்ட் தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்கிறார். எனக்குப் பலம் போதாதா?

பலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்த இரண்டு வருடத்தில் வகுப்பில் யாராவது உங்களை நிஜமாகப் பிடித்திருக்கிறார்களா? நீங்கள் திருகியதும் கையை விட்டுவிடும் ஆளோடுதான் பழகியிருப்பீர்கள். தம்பி விடவில்லை, அவ்வளவுதான்.

முறை பொய்யில்லை. கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் மணிக்கட்டைப் பிடிக்கும் எந்தப் பிடியிலும் பலவீனமானது. முழங்கையைப் பிடித்தவர் பக்கம் கொண்டுபோய், உடம்பு மொத்தத்தையும் திருப்பி அந்த இடைவெளி வழியாகக் கையை உருவ வேண்டும். ஆனால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரிந்து காத்திருப்பவரிடம் முதல் இழுப்பிலேயே அது வராது. அவர் இழுக்கும்போது, நகரும்போது, பிடியை மாற்றும்போது வரும். அந்த நேரம் கைக்குப் பிடிபட, எதிர்க்கும் ஆளோடு பழகுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

இதைக் கேட்டால் பல மாஸ்டர்கள் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "எங்கள் முறைகள் உயிருக்கே ஆபத்து, அதனால் ஸ்பாரிங் (நிஜமாக எதிர்க்கும் ஆளோடு மோதிப் பழகுவது) கிடையாது." நம்பாதீர்கள். ஜிகோரோ கானோ 1882-இல் ஜூடோவைத் தொடங்கியபோது செய்தது இதற்கு நேர் எதிர். ஆபத்தான அடிகளை எதிர்ப்புப் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த, ஆளைத் தூக்கிப்போடும் முறைகளையும் பிடிகளையும் மாணவர்கள் முழு வேகத்தில் ஒருவர் மேல் ஒருவர் பழகும்படி செய்தார். முழு வேகத்தில் பழகிய சாதாரணப் பிடிதான் நெருக்கடியில் உதவும், தொட்டும் பார்க்காத மர்ம அடி உதவாது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்து நல்ல மாஸ்டரையும் தவறாக நினைத்துவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில வாரம் ஸ்பாரிங்கில் விடாமல் இருப்பது ஏமாற்று இல்லை. விழப் பழகாதவர் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வார். தட்டிச் சரணடையத் தெரியாதவர் முழங்கை மூட்டைக் கெடுத்துக்கொள்வார். காயத்திலிருந்து திரும்பியவருக்கும் இதே நிதானம் வேண்டும். சில வாரம் சரி, சில மாதம்கூடப் போகட்டும். இரண்டு வருடம் என்றால் அதற்குப் பெயர் நிதானம் இல்லை.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். தரையில் பிடித்து மடக்கும் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் பெரிய சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பெரியவர்கள் பொதுவாக இடைப்பட்ட நிலையான நீல பெல்ட்டில் மட்டுமே குறைந்தது 2 வருடம் இருக்க வேண்டும், 19 வயதுக்கு முன் பிளாக் பெல்ட் கிடையாது. நடைமுறையில் பலருக்குப் பத்து வருடம் ஆகிறது. ஆனால் இந்த விதி அந்தக் கூட்டமைப்புக்குள் மட்டும்தான். வெளியே யார் வேண்டுமானாலும் ஒரு சங்கம் தொடங்கலாம், பெயரில் 'உலக' என்று சேர்க்கலாம், சர்டிபிகேட் அச்சடிக்கலாம், கேட்பாரில்லை. இதற்கென்றே தரகர்கள் இருக்கிறார்கள்: ஒரு வாரக் கடைசி முகாம், வெளிநாட்டு மாஸ்டரோடு ஒரு புகைப்படம், கையில் பெல்ட். இவர்கள் தந்த தைரியத்தில் ஒரு பெண் ஓடவேண்டிய இடத்தில் நின்றுவிட்டால் பொறுப்பு யாருக்கு? இத்தனை வருடமாக இதைக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

தேர்வுப் பணத்தைக் கட்டாதீர்கள். ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு, எதுவானாலும் சரி, ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். மாணவர்கள் மூச்சு வாங்கப் போராடுகிறார்களா, தட்டியதும் பிடி உடனே விடுபடுகிறதா, மாஸ்டரும் பயிற்சி மெத்தையில் இறங்குகிறாரா என்று கவனியுங்கள். சேர்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது, மேலே ஏறி உட்கார்ந்தவரிடமிருந்து எழுந்து வருவது எப்படி என்பதைத்தான்: அவருடைய ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் நகரவிடாமல் பூட்டிவிட்டு, இடுப்பை உயர்த்தி அந்தப் பக்கமாகப் புரள்வது. பலம் குறைந்தவருக்கும் இது வேலை செய்யும், உங்களைவிடக் கனமான ஆள் நிஜமாகவே எதிர்க்க, மாதக்கணக்கில் பழகினால்.