ரோமாபுரியின் புரவலர் வழக்கமும் ஆதிச் சபையின் போதனையும்: கேள்வி பதில்

கேள்வி: ரோமாபுரியில் செல்வாக்குள்ள பெரியவர் (புரவலர்) எளியவர்களை ஆதரிக்க, அவர்கள் அவரை அண்டிப் பணிசெய்யும் புரவலர் முறை இருந்ததே, அன்றாடத்தில் அது எப்படி நடந்தது?

பதில்: பொழுது விடிந்ததும் அண்டியிருப்பவர்கள் டோகா என்ற ரோம மேலாடையை உடுத்திக்கொண்டு பெரியவர் வீட்டு முன்கூடத்தில் போய் நிற்க வேண்டும். வெளியே கிளம்பினால் பின்னால் நடக்க வேண்டும், தேர்தலில் அவருக்கு ஆள் திரட்ட வேண்டும். பதிலுக்கு உணவோ சில்லறையோ கிடைக்கும். ரோமக் கவிஞர் மார்ஷல் சொல்லும் தொகை 100 குவாட்ரன்ஸ் என்ற சிறு செப்புக்காசு. வழக்கு வந்தால் புரவலர் வந்து பேசுவார். பெரும்பாலும் ஒப்பந்தப் பத்திரம் எதுவும் கிடையாது. நன்றியும் மானமும்தான் பிணை.

கேள்வி: நன்றிக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டா?

பதில்: அப்போஸ்தலர் பவுலின் காலத்தவரான ரோமத் தத்துவஞானி செனெக்கா இதற்கென்றே 7 புத்தகங்கள் எழுதினார். கொடுத்தவன் மறந்துவிட வேண்டும், வாங்கியவன் மறக்கவே கூடாது. தகுதி பார்த்துக் கொடு. கொலைகாரனைவிட நன்றிகெட்டவன் மோசம் என்றும் சொல்கிறார்.

ஆனால் தகுதியற்றவனுக்குக் கொடுப்பது கிறிஸ்தவம் மட்டுமே கண்ட புதுமை என்று பிரசங்கங்களில் சொல்வது தவறு. தீயவர் மேலும் சூரியன் உதிக்கிறது என்று செனெக்காவே எழுதியிருக்கிறார். அதையே சொல்லும் மத்தேயு 5:45ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோமர் 5:6-8 அதையும் தாண்டிப் போகிறது. பாவிகளுக்காக உயிரையே கொடுத்தது அங்கே போதனையின் மையமாகிவிடுகிறது.

கேள்வி: கொரிந்தியரிடம் பணம் வாங்க மறுத்த பவுல் பிலிப்பியரிடம் வாங்கினாரே, இது முரண் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. கிரேக்க நகரமான கொரிந்தின் சபை ஏற்கெனவே ‘நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று (அப்பொல்லோ இன்னொரு போதகர்) கட்சி கட்டியிருந்தது. அங்கே ஒரு செல்வந்தர் கையில் பணம் வாங்கினால், பவுல் அந்த வீட்டுப் போதகராகிவிடுவார்; மற்றவர்களிடம் அவர் வாய் அடைபடும். அக்காலத்து ரோம விருந்தையே பாருங்கள். ரோம அதிகாரியும் எழுத்தாளருமான பிளினி ஒரு கடிதத்தில் விவரிக்கும் விருந்தில் மூன்று தரத் திராட்சரசம் ஊற்றுகிறார்கள்: வீட்டுக்காரருக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒன்று, கீழ்ப்பட்ட நண்பர்களுக்கு ஒன்று, விடுதலையான அடிமைகளுக்கு ஒன்று. 1 கொரிந்தியர் 11:21இல் ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருப்பது அதே பழக்கம், சபையார் கூடி உண்ணும் கர்த்தருடைய பந்திக்குள்ளேயே நுழைந்துவிட்டது. பவுலின் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

பிலிப்பியர் அவரை விலைக்கு வாங்கப் பார்க்கவில்லை, ஊழியத்தில் பங்காளிகளானார்கள். அங்கேயும் பிலிப்பியர் 4:10-20ஐக் கவனியுங்கள்: பணம் வந்ததை ஒப்புக்கொள்கிறார், ‘உங்களுக்குக் கடன்பட்டேன்’ என்று மட்டும் எழுதவில்லை. திருப்பிக் கொடுப்பவர் என் தேவன் என்று மூன்றாவது ஆளை உள்ளே கொண்டுவருகிறார்.

கேள்வி: கிறிஸ்துவைத் தேவனுக்கும் மனிதருக்கும் நடுவே நிற்கும் மத்தியஸ்தர் என்பதும் இந்த வழக்கத்திலிருந்து வந்ததா?

பதில்: அதற்கு யூத மரபிலும் ஆழமான வேர் உண்டு, தேவனுக்கும் ஜனத்துக்கும் நடுவே நின்ற மோசேயை மறக்கக் கூடாது. ஆனால் கேட்டவர்களுக்கு அது உடனே புரிந்ததற்குக் காரணம் இந்த வழக்கம். தன் நோயைக் குணமாக்கிய எகிப்தியரான அர்ப்போக்ராஸுக்கு ரோமக் குடியுரிமை கேட்டு டிராஜன் பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார் பிளினி. எகிப்தியர் என்றால் முதலில் அலெக்சாந்திரியக் குடியுரிமை வேண்டும் என்று பிறகுதான் தெரிகிறது; மறுபடி எழுதுகிறார். சுலபமாகக் கொடுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பேரரசர் அதையும் தருகிறார். மருத்துவரால் நேரே போய் வாங்கியிருக்க முடியாது.

லூக்கா 7இலும் இதே பாதைதான். தன் வேலைக்காரனைக் குணமாக்க வேண்டும் என்று ஒரு நூற்றுக்கு அதிபதி (படைத்தலைவன்) யூத மூப்பர்களை இயேசுவிடம் அனுப்புகிறான். ‘அவர் பாத்திரர் (தகுதியுள்ளவர்), ஜெபஆலயம் கட்டிக் கொடுத்தார்’ என்று மூப்பர்கள் சிபாரிசு செய்கிறார்கள். நூற்றுக்கு அதிபதியோ ‘நான் பாத்திரன் அல்ல’ என்று ஆளனுப்புகிறான். இயேசு வியந்தது இவனுடைய வார்த்தையைக் கேட்டுத்தான்.

கேள்வி: பெண் புரவலர்கள் இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள். கொரிந்தின் துறைமுகமான கெங்கிரேயாவில் பெபேயாள்; தனக்கும் பலருக்கும் ஆதரவாக இருந்தவள் என்று ரோமர் 16:2இல் பவுலே சொல்கிறார். அதே நூற்றாண்டில் அதே கொரிந்தில் யூனியா தெயதோரா என்ற பெண்ணை இன்றைய துருக்கியிலுள்ள லீக்கியா நாட்டு நகரங்கள் புகழ்ந்த கல்வெட்டும் கிடைத்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் தேவன் தரும் கொடையான கிருபை இலவசமா, கடனா?

பதில்: தகுதி பார்க்காமல் வருகிறது, பதில் வேண்டாம் என்று வருவதில்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். மழையைக் குடித்த நிலம் பயிர் தர வேண்டும், முள்ளை முளைப்பித்தால் ஆபத்து என்கிறது எபிரெயர் 6:7-8. மாறியது பதில் போய்ச் சேரும் இடம். திருப்பிச் செய்ய வழியில்லாத ஏழையையும் ஊனரையும் விருந்துக்குக் கூப்பிடு என்கிறது லூக்கா 14. எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் திரட்டிய காணிக்கையும் அந்தக் கணக்கில்தான் வரும். 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை ஒரே மூச்சில் படியுங்கள்: கிறிஸ்து தரித்திரரானதில் தொடங்கி எருசலேமுக்குப் போகும் பணம் வரை, ‘கிருபை’ என்ற ஒரே கிரேக்கச் சொல் இரண்டுக்கும் ஓடுகிறது.