பேஸ்ட்டுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு 14 மாதம், எட்டுப் பல் முளைத்துவிட்டது. பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா? நாத்தனார் மகனுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. பேஸ்ட்டில் இருக்கிற ஃபுளோரைடால் வந்தது என்கிறார்கள். அத்தை உமிக்கரியே போதும் என்கிறார். குடிக்க, சமைக்க எல்லாம் போர்வெல் தண்ணீர்தான்.

பதில்: போடலாம். ஆனால் உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பேஸ்ட்டைவிட அந்த போர்வெல்தான் கவலையாக இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பேஸ்ட் டியூபில் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு ஃபுளோரைடு) என்று போட்டிருந்தால், ஓர் அரிசி அளவுப் பேஸ்ட்டில் இருப்பது சுமார் 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. குழந்தை அதை அப்படியே விழுங்கினாலும், இரண்டு வேளைக்கு 0.2தான். தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால், அரை லிட்டர் குடித்தாலே 1 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சோறும் கஞ்சியும் அதே தண்ணீரில்தானே வேகின்றன! நிலைத்த முன்பற்கள் ஈறுக்குள் உருவாகிற முதல் மூன்று நான்கு வருடத்தில் இப்படி உள்ளே போவதுதான், ஏழெட்டு வயதில் கறையாக வெளியே தெரிகிறது.

அதனால் முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கேரள வாட்டர் அத்தாரிட்டியின் ஆய்வகத்தில் பார்த்துத் தருவார்கள். அளவு கூடுதலாக இருந்தால் குழந்தையின் குடிநீருக்கும் சமையலுக்கும், பால் பவுடர் கரைப்பதாக இருந்தால் அதற்கும், வேறு தண்ணீர் வையுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆர்ஓ கருவி குறைக்கும். தாய்ப்பாலைப் பற்றிப் பயமே வேண்டாம். அதில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு. சோதனை முடிவு வரும்வரை வெறும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் போதும். 1.5-ஐத் தாண்டியிருந்தால், குழந்தைப் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பேஸ்ட்டைத் தொடங்குங்கள்.

உமிக்கரி வேண்டாம். அத்தை சொல்வது பழக்கத்தில் வந்த அக்கறை, ஆனால் பால் பல்லின் எனாமல் மெல்லியது. சொரசொரப்பான கரி அதைத் தேய்த்தெடுத்துவிடும்.

பேஸ்ட்டை நீங்களே வையுங்கள்: மூன்று வயதுவரை ஓர் அரிசி, அதன்பின் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி. பிரஷ்ஷின் மேல் நிற்காமல் நாருக்குள் இறங்கும்படி விரலால் அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் வாயில் வைத்ததும் குழந்தை சப்பி விழுங்கிவிடும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, மேலுதட்டை ஒரு விரலால் மெல்லத் தூக்குங்கள். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில்தான் பிரஷ் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். அங்கே சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் தடுத்து நிறுத்த முடியும்.

காலையில் தவறினாலும் இரவில் தவறாதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவதால் பல்லைக் கழுவிவிட ஆளில்லை. பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கப் பழக்காதீர்கள். கற்கண்டு போட்ட பால் என்றால் இன்னும் கெடுதல். ஏழெட்டு வயதுவரை தேய்ப்பது உங்கள் கையாகவே இருக்கட்டும்.

நாத்தனார் மகனின் கறை அழுக்கு அல்ல. அதை அழுத்தித் தேய்க்கவோ, அவனைத் திட்டவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். நிறத்தைச் சரிசெய்ய இப்போது சிகிச்சைகள் உண்டு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகளை உங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பார்க்கிறேன். அவனையும் ஒரு நாள் பல் மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.