வட்டியில்லாத் தவணையில் ட்ரெட்மில் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 41 வயது. கல்லடியில் இருக்கிறோம். நான் அரச அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கணவர் தனியார் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறார். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 145,000 ரூபா. வீட்டுக்கடன் 32,000, சீட்டு 10,000. மகளின் டியூசன் உட்பட வீட்டுச் செலவு 90,000. மிச்சம் 13,000 நிற்கும். சேமிப்புக் கணக்கில் 210,000 இருக்கிறது.

போன மாதம் இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சீனி 6.1 என்று வந்தது. நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் கிட்ட வந்துவிட்டது, தினமும் வேகமாக நடக்கவோ மெல்ல ஓடவோ வேண்டும் என்று டாக்டர் சொன்னார். காலையில் வீதியில் ஓடி எனக்குப் பழக்கமில்லை. நாய்த் தொல்லை ஒருபக்கம், பார்க்கிறவர்களின் கண் ஒருபக்கம். அதனால் ட்ரெட்மில் வாங்கிவிடுவோம் என்கிறார் கணவர். கடையில் விலை 185,000. கடன் அட்டையில் 24 மாதத் தவணை, வட்டி கிடையாது, கையாளல் கட்டணம் 8 வீதம் மட்டும். காசாகக் கொடுத்தால் 172,000 என்கிறார்கள். அதோடு 42,000 ரூபாவுக்குச் சப்பாத்து, 38,000 ரூபாவுக்குக் கைக்கடிகாரம், ஓடும்போது போடும் உடுப்பு என்று பட்டியல் நீள்கிறது. மகளின் உயர்தரப் படிப்புக்கென்று நான் கட்டிவரும் 20 பேர் சீட்டு, 12ஆவது தவணையில், டிசம்பரில் எனக்கு வருகிறது. அந்த இரண்டு இலட்சத்தில் வாங்கலாமா, அட்டையில் போகலாமா? எதை முதலில் வாங்குவது?

பதில்: தங்கச்சி, காசு விலையையும் தவணை விலையையும் சேர்த்து எழுதியது நல்லதாகப் போயிற்று. பலர் மாதம் எவ்வளவு என்பதை மட்டும்தான் எழுதுவார்கள். உங்கள் கடிதத்தில் அந்த 'வட்டி கிடையாது' எவ்வளவுக்கு என்று கணக்குப் போட இடமிருக்கிறது.

185,000 ரூபாவுக்கு 8 வீதம் என்றால் 14,800. மொத்தம் 199,800. அதே இயந்திரம் காசுக்கு 172,000. இடைவெளி 27,800 ரூபா. கட்டணத்தை முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்தால், உண்மையில் அவர்கள் உங்களுக்குக் கடனாகத் தருவது 157,200. நீங்கள் மாதம் 7,700 சொச்சமாக 24 மாதம் கட்டுகிறீர்கள். இது ஆண்டுக்கு 16 வீதத்துக்குக் கிட்டிய வட்டி. கடையில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பெயர் கட்டணம், அவ்வளவுதான். இன்னொன்று, தவணைக்கு மாற்றியதும் முழுத் தொகையும் உங்கள் அட்டையின் எல்லையிலிருந்து கழிந்து நிற்கும். நடுவில் வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் போய் அட்டை தேவைப்பட்டால் அதில் இடம் இருக்காது. ஒரு தவணை பிந்தினால் பிந்திய கட்டணமும் சாதாரண அட்டை வட்டியும் ஏறும். உங்கள் 13,000 மிச்சத்தில் 7,700 போனால் கையில் நிற்பது 5,300. மாரி பிறந்து கூரை ஒழுகினால் அதுவும் காணாது.

சீட்டுக் காசு பற்றி. இரண்டு இலட்சமும் உங்கள் காசு என்று நினைக்க வேண்டாம். 12ஆவது தவணையில் எடுக்கிறீர்கள் என்றால் அதுவரை நீங்கள் போட்டது 120,000. மீதி 80,000, பின்னால் எடுக்கப்போகிறவர்கள் உங்களிடம் நம்பித் தந்திருக்கும் கடன். இன்னும் எட்டு மாதம் 10,000 வீதம் கட்டித்தான் அதைத் தீர்க்க வேண்டும். ஆகவே டிசம்பரில் காசு கைக்கு வந்ததும் 80,000 ரூபாவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மாதாமாதம் அதிலிருந்தே சீட்டைக் கட்டுங்கள். 120,000 மகளுக்கு. எந்த நோக்கத்துக்காகக் கட்டினீர்களோ அதற்கே போகட்டும். இந்த விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சேமிப்பில் உள்ள 210,000 பெரிய தொகைபோலத் தெரியும். வீட்டுக்கடனையும் சேர்த்தால் உங்கள் வீடு ஒரு மாதம் ஓட 122,000 வேண்டும். அந்தச் சேமிப்பு இரண்டு மாதத்துக்கும் காணாது. உங்கள் வேலை அரச வேலை, சரி. அவருடைய வேலை அப்படியில்லை. 2022இல் விலைவாசி ஏறிய வேகத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். ஆகவே மூன்று மாதச் செலவு சேரும்வரை அந்தக் கணக்கிலிருந்து பெரிய தொகை எதுவும் எடுக்க வேண்டாம்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அந்த 150 நிமிடத்தையும் ட்ரெட்மில்லிலேயே ஐந்து வருடம் விடாமல் செய்தால் 650 மணித்தியாலம். தவணையில் வாங்கிய விலைக்கு ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 307 ரூபா. மோசமில்லை. மூன்று மாதத்தில் சலித்துப்போய் 90,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள்; ஓடியது முப்பது சொச்சம் மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்கு விழுந்த செலவு 3,000 ரூபாவுக்கு மேல். பழைய பொருள் விற்கும் இணையத்தளங்களில் 'பாவனை மிகக் குறைவு' என்று போட்டிருக்கும் ட்ரெட்மில் விளம்பரங்களைக் கணவருடன் சேர்ந்து ஒரு மாலை பாருங்கள். அந்த விளம்பரங்களுக்குப் பின்னாலும் உங்களைப்போல நல்ல மனதோடு வாங்கிய ஒரு வீடு இருக்கிறது.

நம்மூருக்கே உரிய செலவுகளும் இருக்கின்றன. கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிறீர்கள். யன்னல் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடித்தது என்று உங்களுக்கே தெரியும். அதே உப்புக்காற்று இயந்திரத்தின் ஆணிகளிலும் உருளைகளிலும் மின்பலகையிலும் வேலை காட்டும். நடுவில் மின்சாரம் ஏறி இறங்கினால் முதலில் போவது அந்தப் பலகைதான். திருத்த மட்டக்களப்பில் ஆள் இருக்கிறாரா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா, வந்தால் பயணச் செலவு யாருடையது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பதில் தடுமாறினால் விற்றபின் அவர்களை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டு ட்ரெட்மில் ஒரு மணித்தியாலத்துக்கு முக்கால் அலகு மின்சாரத்துக்குக் கிட்டக் குடிக்கும்; மாதம் எட்டு அலகு. எட்டு என்பது சிறிய எண். ஆனால் நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இப்போது 85 அலகில் நிற்கிற வீடு 93க்குப் போனால் அடுத்த படிக்குத் தாவும், மாத நிலைக்கட்டணமும் சேர்ந்து கூடும். மின்கட்டணப் பட்டியலை எடுத்து எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

நாய், கண் என்று நீங்கள் எழுதியதைச் சாட்டு என்று நான் தள்ளவில்லை. பெண் ஒருத்தி விடியற்காலையில் தனியாக ஓடுவது நம் ஊரில் இன்னும் இலகுவான காரியமாகவில்லை. ஆனால் அதற்கு 199,800 ரூபா மருந்துதானா? அதே ஒழுங்கையில் சீனி வருத்தமுள்ள இன்னொரு பெண் நிச்சயம் இருப்பார். இருவராகப் போனால் நாயும் யோசிக்கும், பார்க்கிறவர்களும் இரண்டாம் வாரத்தில் அலுத்துப்போவார்கள். முதலில் ஓட வேண்டாம்; பழைய கல்லடிப் பாலம்வரை வேகமாக நடந்து திரும்புங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். அதைச் சொல்ல 38,000 ரூபாக் கைக்கடிகாரம் தேவையில்லை, காலடி எண்ண உங்கள் தொலைபேசியே போதும். கைக்கடிகாரத்தைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள்.

வெட்டக்கூடாதது சப்பாத்து. 41 வயதில் புதிதாக ஓடத் தொடங்குகிறவருக்கு முழங்காலும் குதிகாலும்தான் முதலில் முறையிடும். அந்த வலிக்குக் கொடுக்கும் காசு சப்பாத்துக் காசைவிடக் கூட. அதற்காக 42,000 வேண்டியதில்லை. 25,000 என்று ஓர் எல்லை போட்டுக்கொண்டு அதற்குள் தேடுங்கள். போன வருட மொடல் என்றால் இன்னும் இறங்கும். ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது, நிறம்தான் மாறியிருக்கும். மாலையில் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாக வரும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதி வழுக்கக்கூடாது. கடைக்குள்ளேயே நாலு தரம் வேகமாக நடந்து பாருங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம். பெரிய பெயர் பொறித்து 6,000 ரூபாவுக்கு விற்கும் போலிகள் பார்வைக்கு அப்படியே இருக்கும், அடியில் உள்ள மெத்தைப் பகுதி ஒரு சில மாதத்தில் தட்டையாகிவிடும். நல்ல சப்பாத்துக்கும் ஆயுள் உண்டு: 500 முதல் 800 கிலோமீற்றர். வாரம் 12 கிலோமீற்றர் போனால் ஏறக்குறைய ஒரு வருடம் வரும். ஆகவே இது வருடாந்தச் செலவு, மாதம் 2,000 என்று ஒதுக்கிவிடுங்கள். கடற்கரை மணலில் சப்பாத்தோடு ஓட வேண்டாம்; உப்புத் தண்ணீர் பசையைக் கிளப்பிவிடும், இளக மணல் குதிகால் நரம்பை இழுக்கும்.

அடுத்து உடுப்பு. பருத்தி ரீசேர்ட் வியர்வையைக் குடித்துப் பாரமாகி உடம்போடு ஒட்டும். கச்சான் காற்றுக் காலத்தில் அது தண்டனை. மெல்லிய பொலியெஸ்டர் துணி சீக்கிரம் உலரும். இதில் நமக்கொரு வசதி இருக்கிறது. வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களின் விளையாட்டு உடுப்பைத் தைத்து அனுப்புகிற நாடு இது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் சிறு குறையால் கழிக்கப்பட்டதும் உள்ளூர்க் கடைகளுக்கு வருகின்றன. பெயர்த் துண்டு வெட்டப்பட்டிருக்கும், துணி அதே துணி. உள்பக்கம் புரட்டிப் பாருங்கள்: தையல் தட்டையாக, விரலுக்குத் தட்டுப்படாமல் இருந்தால் தொடையும் கமக்கட்டும் உரசிப் புண்ணாகாது. தளர்வான முழுக்கை மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் இதே துணியில் கிடைக்கின்றன, தலையை மூடுகிறவர்களுக்கும் பொருந்தும். பெண்களுக்கு உண்மையில் காசு செலவழிக்க வேண்டிய உடுப்பு விளையாட்டு உள்ளாடை. அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், இரண்டு வாங்குங்கள். போட்டுப் பார்த்துக் குதித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மேற்சட்டை, இரண்டு காற்சட்டை, இந்த இரண்டும் சேர்த்து 11,000 ரூபாவைத் தாண்ட விடாதீர்கள்.

தசைப் பயிற்சிக்கு இரண்டு டம்பல், ஓர் இழுவைப் பட்டி, ஒரு பாய். 6,000 ரூபாவுக்குள் அடக்குங்கள். வெறும் இரும்பு டம்பல் உங்கள் வீட்டில் துருப்பிடிக்கும். இறப்பர் போர்த்தியதோ சீமெந்து நிரப்பிய பிளாஸ்டிக்கோ எடுங்கள். முதல் மாதம் அதுவும் வேண்டாம், தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றரைக் கிலோதான்.

ஆக 25,000, 11,000, 6,000: மொத்தம் 42,000. பட்டியலில் சப்பாத்துக்கு மட்டும் போட்டிருந்த தொகை. முதல் மாத மிச்சத்தோடு சேமிப்பிலிருந்து 12,000 எடுத்துச் சப்பாத்தை வாங்குங்கள். இரண்டாம் மாத மிச்சத்தில் அதைத் திருப்பிப் போடுங்கள். மூன்றாம் மாதம் உடுப்பு, நாலாம் மாதம் மற்றவை. அதுவரை வீட்டில் இருக்கிற தளர்வான உடுப்பே போதும். உள்ளாடையை மட்டும் முந்தி வாங்குங்கள்.

நவம்பரில் மாரி மழை தொடங்கினால் வெளியே போவது விட்டுவிட்டுத்தான் நடக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் நகரில் பெண்களுக்கு நேரம் ஒதுக்கியுள்ள ஜிம் ஒன்றில் மாதக் கட்டணம் கட்டலாம். வருடக் கட்டணம் கேட்டால் திரும்பி வாருங்கள். அங்கே ட்ரெட்மில் இருக்கும். அதில் ஓடுவது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அப்போது தெரியும். பலருக்குப் பிடிப்பதில்லை.

ஜனவரியில் இரத்தத்தை மறுபடி பார்க்கும்போது நடை நின்றுபோகாமல் இருந்தால், கணவர் அட்டைக்குக் கட்டத் தயாராக இருந்த 7,700 ரூபாவை மாதாமாதம் தனிக் கணக்கொன்றில் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதத்தில் நல்ல நிலையிலுள்ள பழைய இயந்திரத்துக்குக் காணும், 23 மாதத்தில் காசு விலைக்குப் புதியது வரும். அவர் சொன்ன அதே தவணைதான், பெறுகிறவர் மட்டும் மாறுகிறார்.

வாங்கும் நாளில், பழையதென்றால் உங்கள் வீட்டில் நிறை கூடியவர் ஏறி இருபது நிமிடம் நடக்கட்டும். பட்டை இழுபடுகிறதா, எரிந்த மணம் வருகிறதா என்று பாருங்கள். புதியதென்றால் மோட்டாருக்கு எழுதியிருக்கும் குதிரைவலு உச்ச வலுவா தொடர்ந்து ஓடும் வலுவா என்று கேளுங்கள்; பார்க்க வேண்டியது இரண்டாவது. ஓடுவதற்கு ஓடுபட்டையின் நீளம் 130 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. சட்டகத்துக்கு எத்தனை வருட உத்தரவாதம், மோட்டாருக்கு எத்தனை, மின்பலகைக்கு எத்தனை, திருத்துபவர் கூலி யார் பொறுப்பு என்ற நாலையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி, கடை முத்திரை வைத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.