வேறொருவருக்காகப் பதிவு செய்த அறை, கூடுதலாக வந்த ஒருவர்: ஹோட்டல் மறுக்கலாமா?

கேள்வி: என் பெற்றோர் வெளியூர் சென்றபோது அவர்கள் தங்குவதற்காக, பயண இணையதளம் ஒன்றில் இரண்டு பேருக்கான அறையை என் கணக்கிலிருந்து பதிவு செய்தேன். முழுப் பணத்தையும் என் கார்டில் கட்டிவிட்டேன். கடைசி நேரத்தில் பெரியம்மாவும் அவர்களுடன் கிளம்பிவிட்டார். இரவு பத்து மணிக்கு ஹோட்டலுக்குப் போனால், "பதிவு செய்தவர் நேரில் வர வேண்டும், தவிர இந்த அறையில் மூன்று பேர் தங்க முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூவரும் வேறு ஹோட்டலில் இரண்டு அறை எடுத்துத் தங்கினார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்கிறது முதல் ஹோட்டல். இணையதளமோ ஹோட்டலைக் கேட்கச் சொல்கிறது. நான் வழக்குப் போட முடியுமா? அல்லது அங்கே நின்று அவமானப்பட்ட என் பெற்றோர்தான் போட வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தகராறுகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. பதிவு செய்தவர் வரவில்லை என்பது ஒன்று. மூன்றாவது ஆள் வந்தார் என்பது மற்றொன்று. முதலாவதில் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம். இரண்டாவதில் ஹோட்டலின் பக்கம். இரண்டையும் சேர்த்து ஒரே புகாராக எழுதினால், ஹோட்டல் தரப்பு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதையும் கீழே தள்ளிவிடும்.

யார் வழக்குப் போடலாம் என்பதற்கு விடை எளிது. ஒப்பந்தச் சட்டத்தின் பொதுவிதிப்படி, ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதை வைத்து வழக்காட முடியாது. அந்த விதிப்படி உங்கள் பெற்றோர் வெளியாட்கள். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சிக்கலை வைத்துக்கொள்ளவில்லை. பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவருடைய ஒப்புதலுடன் சேவையைப் பயன்படுத்துபவரும் 'நுகர்வோர்' என்கிறது பிரிவு 2(7). தங்குமிட வசதி 'சேவை' என்பதையும் அதே சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே நீங்களும் புகார் தரலாம், பெற்றோரும் தரலாம். இருவரும் சேர்ந்து கையெழுத்திடுவதே நல்லது: பணம் போனது உங்களுக்கு, அலைச்சல் அவர்களுக்கு.

இனி, 'பதிவு செய்தவர் வர வேண்டும்' என்ற நிபந்தனை. ஹோட்டல்கள் இதைச் சும்மா வைத்திருக்கவில்லை. திருட்டு கார்டில் அறை பதிவாகி, பிறகு கார்டுக்கு உரியவர் வங்கியில் முறையிட்டால், பணத்தை இழப்பது ஹோட்டல்தான். தங்குபவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு தங்குபவரைப் பற்றியது; பணம் கட்டியவரைப் பற்றியது அல்ல. உங்கள் பெற்றோர் அடையாள அட்டையை நீட்டியிருந்தால் பதிவேட்டின் தேவை அங்கேயே தீர்ந்துவிட்டது. கார்டு பற்றிய சந்தேகத்தை உங்களுக்கு ஒரு போன் செய்து தீர்த்திருக்கலாம்.

அப்படியும் நிபந்தனை விதிக்க ஹோட்டலுக்கு உரிமை உண்டு. கேள்வி, அதைப் பணம் வாங்குவதற்கு முன்பு சொன்னார்களா என்பதுதான். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் 'சேவைக் குறைபாடு' என்று பிரிவு 2(11) சொல்கிறது. எனவே உறுதிச் சீட்டை எடுத்து வைத்து, 'தங்குபவர் பெயர்' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல தளங்களில் கணக்கு வைத்திருப்பவரின் பெயரே அந்தக் கட்டத்தில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அவசரத்தில் நாமும் அப்படியே விட்டுவிடுவோம். உங்கள் தந்தையின் பெயரை அங்கே கொடுத்திருந்தீர்கள் என்றால், அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு பணம் வாங்கிய ஹோட்டல் பிறகு மகன் எங்கே என்று கேட்பதற்கு அடிப்படையே இல்லை. உங்கள் பெயர்தான் இருக்கிறது என்றால் வழக்கு சற்றே மெலியும், ஆனால் விழுந்துவிடாது. அதே சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள ஹோட்டல் விதிகளையும் விடாமல் படியுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கிருந்துதான் தொடங்குவார்.

பெரியம்மா விஷயத்தில் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நீங்கள் பதிவு செய்தது இரண்டு பெரியவர்களுக்கு. அறையின் கொள்ளளவு படுக்கையை மட்டும் பொறுத்ததல்ல, தீ விபத்தில் எத்தனை பேரை வெளியேற்ற வேண்டும் என்ற கணக்கும் அதில் அடங்கும். கூடுதல் படுக்கை போடுவது ஹோட்டலின் விருப்பம். பணம் தருகிறோம் என்பதாலேயே அது கடமையாகிவிடாது. தரையில் படுத்துக்கொள்கிறோம் என்ற நம் வீட்டு வாதம் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது.

இப்போது வழக்கையே தீர்மானிக்கும் கேள்வி. நீங்கள் இதை எழுதவில்லை, பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: "சரி, நாங்கள் இருவர் மட்டும் தங்குகிறோம்" என்று அவர்கள் சொன்னார்களா? சொல்லியும் மறுத்திருந்தால், மறுப்புக்குக் காரணம் நீங்கள் வராததுதான் என்று உறுதியாகிறது. புகார் வலுவாக நிற்கும். மாறாக, இருவர் தங்கலாம் என்று ஹோட்டல் சொல்லியும், பெரியம்மாவைத் தனியே விட மனமில்லாமல் மூவரும் வெளியேறியிருந்தால், அந்த முடிவு உங்கள் குடும்பத்தினுடையது. அன்றிரவு உங்களுக்குப் போன் வந்த நேரம், வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, ஹோட்டல் அனுப்பிய மின்னஞ்சல் எதையும் அழித்துவிடாதீர்கள்.

பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதிவிட்டாலே கதை முடிந்தது என்று ஹோட்டல்கள் நினைக்கின்றன. அது உங்களாக ரத்து செய்தால் பேசப்படும் விதி. சேவையைத் தரமாட்டேன் என்று மறுத்தவரே அதைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. தவறு உங்கள் பக்கம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74 நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. கட்டிய பணத்தைப் பறிமுதல் செய்வதற்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1963லேயே ஃபதே சந்த் வழக்கில் சொல்லிவிட்டது. அன்றிரவு அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்தார்களா என்று ஹோட்டலுக்கு அனுப்பும் நோட்டீஸிலேயே கேளுங்கள்.

இணையதளத்தையும் விட்டுவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அதன் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியதைப் புகார் என்று எண்ணாமல், அந்த அலுவலருக்கே எழுத்தில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்; பல நேரம் இந்த அளவிலேயே பணம் திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஹோட்டல் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை (இதை ஒரு வழக்கறிஞரே சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்). சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் பதிவாக வேண்டும்.

கேட்கும் தொகையில் அடக்கம் தேவை. முதல் ஹோட்டலுக்குக் கட்டியது முழுவதும், புதிதாக எடுத்த இரண்டு அறைகளில் பெற்றோரின் அறைக்கு ஆன கூடுதல் செலவு, முதியவர்களை இரவில் அலைய வைத்ததற்கு ஒரு நியாயமான தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். பெரியம்மாவின் அறை வாடகையைச் சேர்க்காதீர்கள். ஹோட்டல் ஒழுங்காக நடந்திருந்தாலும் அந்தச் செலவு உங்களுக்கு இருந்திருக்கும்.