ஈபிள் கோபுரம்: நீங்கள் கேட்டவை, ஒரு கட்டுமானப் பொறியாளரின் பதில்கள்

கணபதி, பவுண்டரிக்காரர்: ஈபிள் கோபுரம் வார்ப்பிரும்பா, எஃகாங்க?

ரெண்டும் இல்லைங்க, தேனிரும்பு. வார்ப்பிரும்பு பாரம் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதையே உலையில் உருக்கி, கம்பியால் கிளறிக் கிளறிக் கார்பனைப் போக்கினால் கிடைப்பது தேனிரும்பு. இங்கே அது 7,300 டன்.

திருப்பூர்: வெல்டிங் இல்லாமல் எப்படி இணைத்தார்கள்?

ரிவெட் அடித்துத்தான். தகடுகளின் துளையில் செருகி, இரு முனையிலும் தலை வைத்து இறுக்கும் இரும்பு ஆணிதான் ரிவெட். மொத்தம் 25 லட்சம். நாலு பேர் ஒரு குழு. ஒருவர் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சுவார், ஒருவர் துளையில் செருகிப் பிடிப்பார், ஒருவர் மறுமுனைக்குத் தலை அமைப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அடித்து முடிப்பார். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். பெரும்பகுதியைப் பாரிஸை ஒட்டிய லெவல்லுவா பட்டறையிலேயே அடித்துவிட்டார்கள். தளத்தில் ஒரு பாகம் பொருந்தாவிட்டால், அங்கேயே ராவிச் சரிக்கட்ட மாட்டார்கள். பட்டறைக்கே திருப்பி அனுப்புவார்கள்.

ஈரோடு: சாய்வாக எழும்பிய நாலு காலும் மேலே எப்படிச் சரியாகச் சேர்ந்தன?

எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி இல்லைங்க. கால்களைத் தாங்கிய சாரத்தின் உச்சியில் மணல் நிரப்பிய பெட்டிகள் இருந்தன. மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால் கால் மெல்ல இறங்கும். அடியில் இருந்த ஹைட்ராலிக் ஜாக்கி தேவைப்பட்டால் உயர்த்தும். இப்படி மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, 1887 டிசம்பரில் முதல் தளத்தில் நாலு காலையும் இணைத்தார்கள். 1889 மார்ச் 31-க்குள் கோபுரமே முடிந்துவிட்டது. வேலை தொடங்கியதே 1887 ஜனவரியில்தான்!

உடுமலை: எங்கள் ஊர்க் காற்றுக்கு நிற்குமா?

தாராளமாக. காற்றை மனதில் வைத்துத்தான் கால்களின் அந்த வளைவே வந்தது. ஆடுவது சில சென்டிமீட்டர்தான்.

கரூர்: வரைந்தது ஈபிள்தானே?

முதல் வரைபடம் அவர் நிறுவனத்தின் பொறியாளர்கள் கோஷ்லான், நூகியே இருவருடையது. அழகு சேர்த்தவர் கட்டடக் கலைஞர் சொவேஸ்த்ர். இவர்கள் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பொள்ளாச்சி: அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறேன். எப்படிப் பார்ப்பது?

அவர்களை லிஃப்டில் அனுப்புங்கள். நீங்கள் 674 படி ஏறி இரண்டாம் தளத்துக்குப் போங்கள். ரிவெட்டுகளைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே ஏறலாம். 57 மீட்டரில் இருக்கும் முதல் தளத்தில் கண்ணாடித் தரை உண்டு. 116 மீட்டரில் இரண்டாம் தளம். அதற்கு மேல் படியில் விடமாட்டார்கள், 276 மீட்டர் உச்சிக்கு வேறு லிஃப்ட் மாற வேண்டும். மேலே காற்று பலமாக அடிக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் போட்டுவிடுங்கள்.